காற்று, மிகக் கொஞ்சம்

கல்வி நிலையங்களுக்கு வரும் விஞ்ஞானக் கருவிகளை, பள்ளித் தலைமை கையெழுத்திட்ட சான்று கூடவே இருந்தால், தீர்வை வாங்காமலும் பிரித்துப் பார்க்காமலும் விட்டுவிட வேண்டும். திருவிதாங்கூர் எல்லையில் சவுக்கை எனப்பட்ட சுங்கச் சாவடிகளுக்கு இருந்த விதிகளில் இது ஒன்று. அதே பக்கத்தில், அதற்குக் கீழேயே இன்னொரு விதி. மூடி அடைத்த பாத்திரம் எதுவானாலும், உள்ளே இருப்பது இன்னதென்று வெளியிலிருந்து தெரியாவிட்டால், உரியவர் முன்னிலையில் திறந்து பார்க்க வேண்டும். ஒரு சாமான் எந்த விதிக்குள் வருகிறது என்று தீர்மானிப்பவர் சவுக்கை சூப்பிரண்டு. ஆகவே நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் மூடிய எதற்கும் முதல் விதியை அவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

நாஞ்சில் நாட்டின் கிழக்கு எல்லையில், மலை இடைவெளி வழியாகக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு வரும் இடத்தில் எங்கள் சவுக்கை இருந்தது. எந்தச் சவுக்கை என்று சொல்லப் போவதில்லை. அந்தப் பக்கம் ஒன்றுக்கு மேல் இருந்தன. படிப்பவர்கள் தங்களுக்குப் பிடிக்காத ஒன்றை வைத்துக்கொள்ளலாம். சவுக்கைக் கம்பத்துக்கு அந்தப்புறம் திருநெல்வேலிச் சீமை, வெள்ளைக்காரன் ஆட்சி. இந்தப்புறம் மகாராஜா ஆட்சி. அந்தப்புறத்திலிருந்து இந்தப்புறம் வரும் எதையும் முதலில் சந்தேகிப்பதுதான் எங்கள் வேலை. மற்ற ஆபீஸ்களில் சந்தேகம் ஒரு குணம். எங்களுக்கு அது சம்பளம் வாங்கிச் செய்யும் உத்தியோகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் இரண்டாம் குமாஸ்தா. பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன். பௌதிகத்துக்கும் சுங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது பலர் கேட்டார்கள். பட்டம் வாங்கிய வருஷம் காலியாக இருந்த வேலை அதுதான் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. ஒரே ஒரு முறை வேறு சம்பந்தமும் இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

சவுக்கையில் முக்கியமான கருவி குத்துக்கம்பி. அரிசி மண்டிகளில் மூட்டையைக் குத்திப் பார்க்கும் குத்தூசியின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். ஆள் உயரம், கூரான நுனி, நுனிக்கு மேல் ஒரு பள்ளம். வைக்கோல் வண்டி, கருப்பட்டி மூட்டை, பருத்திப் பொதி, கல்யாண மெத்தை என்று எதில் குத்தி இழுத்தாலும் உள்ளே இருப்பதில் கொஞ்சம் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வரும். புகையிலையா, அபினா, கஞ்சாவா, வெறும் பஞ்சா என்று தெரிந்துவிடும். சூப்பிரண்டு பலாப்பழத்தைக்கூடக் குத்தச் சொல்லியிருக்கிறார். ஒரு பழத்திலும் அபின் அகப்படவில்லை. குத்திய பழத்தைப் பழத்துக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு போனதும் இல்லை.

கம்பியைப் பிடிப்பவர் கடப்புறத்திலிருந்து வந்த பியூன். பரம்பரையாக மீன்பிடிக் குடும்பம். கடல் ஒத்துக்கொள்ளாமல் கரையில் உத்தியோகம் பார்த்தார். கம்பியை அவர் இறக்கும் விதத்தில் வலை வீசும் கை தெரியும். சூப்பிரண்டு நாஞ்சில் நாட்டு நெல் ஊர் ஒன்றின் சைவக் குடும்பம். தம்முடைய சொந்த வயலில் விளைந்த நெல் வீட்டுக்கு வந்தாலும் முதல் மூட்டையைக் குத்திப் பார்ப்பார் என்று பியூன் சொல்வார். நான் நம்பினேன்.

மகர மாதத்தில், தமிழ்க் கணக்கில் தையில், ஒரு நாள் திருநெல்வேலி பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒரு பெண், ஒரு தகரப் பெட்டியோடும், குழந்தையைப் பிடிப்பதுபோல் மார்போடு அணைத்த ஒரு நீளப் பொட்டலத்தோடும் நேராக மேசைக்கு வந்தார். மற்றவர்களெல்லாம் கூப்பிட்டால்தான் வருவார்கள். தானாக மேசைக்கு வந்ததே சூப்பிரண்டுக்கு முதல் சந்தேகம்.

நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் என்றார். சான்றை நீட்டினார். தலைமை ஆசிரியை கையெழுத்து, பள்ளி முத்திரை எல்லாம் சரி. உள்ளே எழுதியிருந்ததுதான் வினை. "கண்ணாடிக் குழாய் ஒன்று. உள்ளே: காற்று, மிகக் கொஞ்சம்."

சூப்பிரண்டு அதை இரண்டு தடவை படித்தார். வெளியே கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பியூன் போய் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

"காத்தா?" என்றார் சூப்பிரண்டு.

"ஆமா சார். காத்துதான்."

"இங்கன காத்துக்கா பஞ்சம்? அங்க உள்ள காத்தைக் குப்பியில அடைச்சா கொண்டுவரணும்?"

"குப்பி இல்ல சார், குழாய். காத்தை எடுத்துட்டு மூடினது. எடுத்தது போக மிச்சம் கொஞ்சம் இருக்கு. அதைத்தான் எழுதியிருக்கேன்."

"என்ன விலை?"

"விலை இல்ல சார். எனக்குப் படிப்பிச்ச பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போகும்போது தந்தாவ."

சூப்பிரண்டு என்னைப் பார்த்தார். "கேட்டேரா வே? விலையில்லாத குழாய். அதுக்குள்ள கொஞ்சம் காத்து. அதையும் இந்தம்மா மார்போட கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்திருக்கா."

உள்ளே ஒன்றுமில்லை என்று டீச்சர் எழுதியிருந்தால் அது கருவி, போயிருக்கும். கொஞ்சம் காற்று என்று உள்ளதை உள்ளபடி எழுதியதால் குழாய்க்கு ஒரு உள்ளடக்கம் வந்துவிட்டது. உள்ளடக்கம் வந்தால் அது பாத்திரம். பாத்திரம் மூடியிருந்தால் திறக்க வேண்டும். சூப்பிரண்டின் தர்க்கத்தில் எந்த இடத்திலும் ஓட்டை இல்லை. அவர் தர்க்கத்தில் எப்போதுமே ஓட்டை இருந்ததில்லை. அதுதான் அவரிடம் கஷ்டம்.

"திறந்தா கெட்டுப் போகும் சார்," என்றார் டீச்சர். குரல் கொஞ்சம் ஏறியது. "வெளிக் காத்து உள்ள போயிட்டா அது வெறும் கண்ணாடி. வர்ற மாசம் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வாறாரு. இது எரியறதைக் காட்டினாத்தான் பொண்ணுகளுக்கு சயன்ஸ் வகுப்பு வைக்க விடுவோம்னு மேனேஜ்மென்ட்ல சொல்லியிருக்காவ. ரெண்டு வருஷமா நான் தையல் சொல்லிக் குடுக்கேன் சார். பௌதிகம் படிச்சிட்டு, காஜா எடுக்கச் சொல்லிக் குடுக்கேன்."

பியூன் குத்துக்கம்பியோடு வந்து நின்றார். குழாயைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். "இதுல எங்கன ஏமானே குத்த?" என்று கேட்டார். கம்பியை அவர் எங்கே இறக்குவது என்று கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான் பௌதிகம் படித்தவன் என்பதைச் சொல்லவேண்டிய நேரம் அதுதான் என்று நினைத்தேன். இந்த மாதிரிக் குழாயில் மின்சாரம் செலுத்தினால் வெளிச்சம் வரும், வெளிச்சத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம், திறக்கவே வேண்டாம் என்றேன். சூப்பிரண்டு சம்மதித்தார். அதை நான் உதவி என்று நினைத்தேன். அவர் பரிசோதனை என்று நினைத்தார்.

பஸ் டிரைவரிடம் பேட்டரி கேட்டோம். "கழட்டிக் குடுத்துருவேன். வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா சவுக்கை ஆளுக எல்லாரும் வந்து தள்ளுவியளா?" என்று கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். டீச்சரின் தகரப் பெட்டியில் செப்புக் கம்பி சுற்றிய ஒரு உருளை இருந்தது. பேட்டரியின் சிறிய அழுத்தத்தைப் பல ஆயிரம் மடங்காக்கித் தரும் சுருள் அது. மூடியில்லாததால் அது கருவி என்று ஏற்கெனவே தேறியிருந்தது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, பிடிபட்ட புகையிலையை வைக்கும் கிட்டங்கிக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். சவுக்கையில் பட்டப்பகலில் இருட்டாக இருக்கும் இடம் அது ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் தும்மினோம்.

டீச்சர் முதலில் குழாய் இல்லாமல் காட்டினார். சுருளின் இரண்டு முனைகளையும் கிட்டக் கிட்டக் கொண்டுவந்தார். ஒரு விரல் அகலத்துக்கு வந்ததும் 'சட் சட்' என்று பொறி பறந்தது. கொஞ்சம் விலக்கினார், நின்றுவிட்டது. பிறகு அந்த முனைகளைக் குழாயின் இரண்டு பக்கத்திலும் மாட்டினார். முழங்கை நீளக் குழாய். சத்தமே இல்லாமல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, செந்நீலமாக ஒரு வெளிச்சம் நிரம்பி நின்றது. பியூன் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் படிக்கிற காலத்துக்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை.

முதலில் பேசியவர் சூப்பிரண்டு. "இப்பம் விளங்கிச்சு," என்றார்.

"என்ன சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"வெளிக்காத்துல ஒரு விரல்கடை தாண்ட மாட்டேங்குது. இதுக்குள்ள ஒரு முழம் ஓடுது. அப்பம் உள்ள இருக்கது காத்து இல்ல. வேற என்னமோ."

இப்போது யோசித்தால், அவர் வேறு எப்படி நினைத்திருக்க முடியும் என்று தோன்றுகிறது. ஒரு பொருள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொண்டால் அது இரண்டு பொருள் என்பது சுங்கத்தில் பாலபாடம்.

"காத்து கொறைவா இருக்கதுனாலதான் சார் ஓடுது," என்றேன்.

"கொறைஞ்சா கூடுதலா ஓடுமா?"

விளக்க ஆரம்பித்தேன். எலக்ட்ரான் என்று கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று உண்டு, மின்சார அழுத்தம் அதை ஒரு பக்கமாக இழுக்கும், ஆனால் வழியெல்லாம் காற்றின் அணுக்கள் நிற்கின்றன என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஆகவே அவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்து சொன்னேன். "இப்பம் நம்ம ரோட்டுல பத்து பத்து அடிக்கு ஒரு சவுக்கை இருக்குன்னு வச்சுக்கிடுங்க சார். வண்டி என்ன ஆகும்? கொஞ்சம் ஓட்டம் பிடிக்கதுக்குள்ள நிறுத்திருவோம். மறுபடி புறப்படும், மறுபடி நிறுத்துவோம். மாடு ஓட்டம் பிடிக்கவே பிடிக்காது. இழுக்கது என்னவோ ஒரே பக்கமாத்தான், ஆனா ஊர்ந்துதான் போகும். சவுக்கையைக் கொறைச்சுப் பாருங்க. ரெண்டு சவுக்கைக்கு நடுவில நல்ல வேகம் பிடிச்சிரும். அந்த வேகத்தில ஒரு அணுவில மோதினா, அதுக்குள்ள இருக்க இன்னொரு எலக்ட்ரானைத் தட்டி வெளியே விட்டுரும். ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். மோதல் வாங்கின அணு அடங்கும்போது வெளிச்சம் விடும். அதான் இது."

"சவுக்கையே இல்லேன்னா?" என்று டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார். பரீட்சை வைக்கிறார் என்று புரிந்தது.

"மோத ஆளில்ல. நேரா ஓடிப்போய்க் கண்ணாடியில முட்டும். நடுவில வெளிச்சம் இருக்காது. அதனாலதான் கொஞ்சம் காத்து வேணும்."

டீச்சர் தலையசைத்தார். சூப்பிரண்டு அசைக்கவில்லை. அவர் காதில் விழுந்தது வேறு.

"சவுக்கை கொறைஞ்சா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அப்படித்தானே சொன்னீரு?"

"எலக்ட்ரானைச் சொன்னேன் சார்."

"எதைச் சொன்னா என்னவே. கள்ளச்சரக்கு போற கணக்கு உமக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. இந்த டீச்சரை உமக்கு முன்னயே தெரியுமோ?"

தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்ன வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று முதல் நான் எழுதும் எதையும் அவர் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

முடிவு இது. குழாயைத் திறக்கவும் இல்லை, விடவும் இல்லை. திருவனந்தபுரம் மேலாபீசுக்கு எழுதி உத்தரவு கேட்பது. உத்தரவு வரும்வரை சாமான் கிட்டங்கியில். தடுத்து வைக்கும் மூடிய பாத்திரத்தின் வாயில் அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்று விதி. குழாய்க்கு வாய் எது என்று சூப்பிரண்டு தேடினார். நடுவில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. காற்றை உறிஞ்சி எடுத்த பிறகு, உறிஞ்சிய வழியைத் தீயில் உருக்கி அடைத்த இடம்.

"அதுல மட்டும் வேண்டாம் சார்," என்றார் டீச்சர். "அது ரொம்ப மெலிசு. சூடு தாங்காது. எங்க வேணும்னாலும் வைங்க, அங்க வேண்டாம்."

ஒரு இடத்தைத் தொடாதே என்று உரியவர் சொன்னால், சரக்கு இருப்பது அங்கேதான். இதுவும் பாலபாடம். பியூன் அரக்கை உருக்கினார். உருகிய அரக்கு மூக்கின்மேல் விழுந்தபோது 'டிக்' என்று, நகம் வெட்டுவதுபோல் ஒரு சத்தம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சூப்பிரண்டு மகாராஜாவின் சங்கு முத்திரையை அழுத்தி, நன்றாக ஆறும்வரை பிடித்துக்கொண்டார்.

பஸ் புறப்படும் முன் டீச்சர் என்னிடம் வந்தார். "கீறல் விழுந்திருக்கு சார். அரக்கு மேல இருக்கதுனால உடனே கெட்டுப் போகாது. ஆனா காத்து மெள்ள உள்ள போயிட்டேதான் இருக்கும். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள உத்தரவு வந்திருமா?"

மேலாபீசைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விதியைச் சொன்னேன். தடுத்து வைத்த சாமானை உரியவர் வேலை நேரத்தில் வந்து, சிப்பந்தி ஒருவர் முன்னிலையில், அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். கூட யார் வரலாம், எத்தனை பேர் வரலாம் என்று விதி எதுவும் சொல்லவில்லை. டீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சவுக்கைக்காரன் தானாக ஒரு வழி சொன்னால் சந்தேகப்படாத பயணி கிடையாது. எதற்குச் சொல்கிறான் என்று அவரும் யோசித்திருப்பார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு வில்வண்டிகள் வந்து நின்றன. டீச்சரும், மேல் வகுப்புப் பெண்கள் ஒரு கூட்டமும் இறங்கினார்கள். சூப்பிரண்டு விதியை வாசித்துப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. "பாத்துட்டுப் போகட்டும். தொடுறது டீச்சர் மட்டும்," என்றார்.

அப்படித்தான் எங்கள் கிட்டங்கியில் பௌதிக வகுப்பு தொடங்கியது. சனிக்கிழமை பஸ் டிரைவர் கேட்காமலே பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வருவார். பயணிகளும் எட்டிப் பார்ப்பார்கள். சவுக்கையில் ஒரு பேயைப் பிடித்துக் கண்ணாடியில் அடைத்திருக்கிறார்கள், பேட்டரியைக் காட்டினால் முழிக்கிறது என்று ஒரு பேச்சு வடசேரிச் சந்தை வரை போய்விட்டது. "பேய்க்குத் தீர்வை உண்டா ஏமானே?" என்று பியூன் ஒருநாள் கேட்டார். சூப்பிரண்டு சிரிக்கவில்லை. விதியில் இருக்கிறதா என்று யோசித்தார் என்றே நினைக்கிறேன்.

டீச்சர் சொன்னது நடந்தது. இரண்டாம் வாரம் குழாய் முழுக்க நிரம்பிய வெளிச்சம் சுவரைவிட்டு விலகி நடுவில் ஒடுங்கியது. அடுத்த வாரம் விரல் தடிமன். அதற்கு அடுத்து ஒரு நூல், அதுவும் நேராக நிற்காமல் நெளிந்தது. காற்று கூடக் கூட எலக்ட்ரானுக்கு இரண்டு மோதலுக்கு நடுவில் ஓட இடம் குறைகிறது. ஓட்டம் இல்லாமல் மோதினால் எதையும் தட்டி எழுப்ப முடியாது. வாரத்துக்கு வாரம் அது கண்ணெதிரே நடந்தது. நான் படித்த கல்லூரியில் ஒரே ஒரு நாள் ஒரே ஒரு வெளிச்சத்தைத்தான் காட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் கும்பத்தில் வருவதாக இருந்தது, மீனத்துக்குத் தள்ளிப்போயிற்று. மேலாபீசிலிருந்து பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன். இரண்டாம் நினைவூட்டலில் கையெழுத்துப் போடும்போது, "டீச்சருக்கு வேண்டி உமக்கு ரொம்ப அவசரம்," என்றார் சூப்பிரண்டு. நினைவூட்டல் அனுப்பவேண்டிய இடைவெளியைக் குறிக்கும் விதியைக் காட்டினேன். அதன்பிறகும் அவர் பார்வை மாறவில்லை.

ஒரு சனிக்கிழமை அவரே கிட்டங்கிக்குள் வந்தார். நூலாக நெளியும் வெளிச்சத்தைப் பார்த்ததும் முகம் கறுத்தது. பெண்கள் போனபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"முதல் நாள் நெறைய இருந்துது. இப்பம் இம்புட்டுதான். சரக்கு கொறையுது வே. சாவி யாருகிட்ட இருக்கு?"

"சாவி உங்ககிட்டதான் இருக்கு சார். சரக்கு கொறையல்ல. கூடுது."

"என்னது?"

"உள்ள இருக்க காத்து கூடுது. முத்திரை வச்ச இடத்துல கீறல். வெளிக்காத்து உள்ள போகுது. அதனாலதான் வெளிச்சம் கொறையுது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கொறைஞ்சா களவுன்னு எழுதலாம். கூடினா என்னன்னு வே எழுத? சர்க்கார் முத்திரை போட்ட சாமான், சர்க்கார் பூட்டுக்குள்ள, கூடுதுன்னா எழுத?"

அவர் பயந்ததை நான் பார்த்தது அன்றுதான். இருப்பில் குறைவு வந்தால் பதில் சொல்ல நடைமுறை உண்டு. மிச்சம் வந்தால் அதுவரை காட்டிய கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். ஒன்றும் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தார். அவர் ஒன்றும் எழுதாமல் விட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

மீன மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். கருவி எங்கே என்று கேட்டார். சவுக்கையில் இருக்கிறது என்றதும், இல்லாத கருவியை இருப்பதாகக் காட்டுகிறார்களோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நானே வந்து பார்க்கிறேன் என்று காரில் ஏறிவிட்டார். டீச்சரும் சில பெண்களும் பின்னால் வண்டியில். காருக்கும் வண்டிக்கும் இருந்த இடைவெளியில் இன்ஸ்பெக்டரும் சூப்பிரண்டும் ஒருவரையொருவர் யார் எவர் என்று விசாரித்து, இருவரும் திருப்தியடையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கிட்டங்கியில் கதவைச் சாத்தினோம். டீச்சர் இணைப்பைக் கொடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கொடுத்தார். ஒரு மெல்லிய ஊதா நூல் குழாயின் பாதிவரை ஓடி வந்து, துடித்து, அறுந்தது. மறுபடி வந்தது, அறுந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் இன்ஸ்பெக்டர். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?"

டீச்சர் சாக்குச் சொல்லவில்லை. "மகர மாசம் இது முழுக்க எரிஞ்சுது சார். இப்ப கெட்டுப்போச்சு. எப்படிக் கெட்டுதுன்னு இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்."

இன்ஸ்பெக்டர் பெண்கள் பக்கம் திரும்பினார். இதுவும் மனப்பாடமாக இருக்கும் என்ற முகம். கடைசியில் நின்ற ஒருத்தியை விரலால் காட்டினார். "நீ சொல்லு. ஏன் பாதியில நிக்குது?"

"உள்ள காத்து கூடிப்போச்சு சார். அதுக்கு ஓட எடமில்ல. முட்டி முட்டியே போகுது."

"அப்போ இதை எரிய வைக்க என்ன செய்யணும்?"

"காத்தைத் திரும்ப எடுக்கணும்."

"அது இங்கே முடியாதே. வேற வழி?"

அந்தப் பெண் யோசித்தாள். தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டாள். "ரெண்டு முனையையும் கிட்டக் கொண்டுவந்தா எரியும் சார். இல்லேன்னா இழுக்கதைக் கூட்டணும். பேட்டரி இன்னொண்ணு சேர்த்தா."

பக்கத்தில் நின்றவள் அவளை இடித்தாள். "ஏட்டி, சுருள் கருகிப்போகும்லா!"

"கருகினா பெறகு பாப்போம்."

அது யாரும் சொல்லிக்கொடுத்த பதில் இல்லை. டீச்சருக்கே அது புதிது என்று அவர் முகத்தில் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். என் மேசையில் உட்கார்ந்து, என் மைக்கூட்டில் தொட்டு எழுதினார். பெண்களுக்கு விஞ்ஞான வகுப்பு நடத்த அனுமதி அளிக்கலாம். பள்ளி திறக்கும் நாளுக்குள் கருவி பள்ளியின் கைவசம் வந்திருக்க வேண்டும். வந்த தேதியைப் பள்ளி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். கருவி எரிய வேண்டும் என்று அவர் எழுதவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

டீச்சர் அதைப் படித்துவிட்டு என்னிடம், "அப்ப எல்லாம் உங்க மேலாபீசு கையில," என்றார். அது பாராட்டு இல்லை.

மேட மாதம் முழுக்கப் பதில் வரவில்லை. விஷு விடுமுறை வந்தது, போனது. பள்ளிகள் இடவத்தில், அதாவது வைகாசியில், திறக்கும். அடுத்த வருஷத்துக்குத் தையல் வகுப்பின் கால அட்டவணையில் தன் பேரைப் போட்டுவிட்டார்கள் என்று டீச்சர் ஒரு சனிக்கிழமை சொன்னார். அன்று குழாயில் ஒன்றும் எரியவில்லை. பொறி வெளியே, சுருளின் முனைகளுக்கு நடுவில், விரல் அகலத்துக்கு அடித்தது. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகிவிட்டன. அதன்பிறகு டிரைவர் பேட்டரியைக் கழற்றவில்லை. பெண்களும் வரவில்லை; டீச்சர் மட்டும் பஸ்ஸில் வந்து, தபால் வந்ததா என்று கேட்டுவிட்டு, அதே பஸ் திரும்பும்வரை மரத்தடியில் நிற்பார்.

மூன்றாம் நினைவூட்டலை நான் மேலாபீசின் வேறொரு பிரிவுக்கு அனுப்பினேன். முதல் பிரிவு பதில் தராத விஷயத்தை இரண்டாம் பிரிவு விசாரித்தால், முதல் பிரிவு தன்மேல் யாரோ புகார் சொல்லிவிட்டதாக நினைத்து உடனே பதில் எழுதும். இது எந்த விதியிலும் இல்லை. ஆனால் எல்லா விதிகளும் தோற்ற இடத்தில் இது தோற்று நான் பார்த்ததில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை தபால் பையில் அந்த உறை இருந்தது. டீச்சர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். சூப்பிரண்டு உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், பிறகுதான் கிழித்தார். நான்கே வரி. குறிப்பிட்ட சாமான் கல்விக் கருவி. சான்று போதுமானது. உடனே விடுவிக்கவும். முத்திரை வைக்கவேண்டிய அவசியம் எழவில்லை.

"இவ்வளவு சுருக்கமாவா எழுதுவானுக?" என்றார். கையெழுத்தைப் பழைய உத்தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒத்துப்போயிற்று. அது அவருக்கு ஏமாற்றம்தான்.

சர்க்கார் முத்திரையோடு எந்தச் சாமானும் வெளியே போகக்கூடாது. பியூன் கத்தியால் அரக்கைச் சுரண்டினார். பூப்போல எடுக்கிறேன் ஏமானே என்று சொல்லிக்கொண்டேதான் செய்தார். அரக்கோடு கண்ணாடி மூக்கும் கையோடு வந்துவிட்டது. எல்லாரும் டீச்சரைப் பார்த்தோம். அவர் ஓட்டையை விரலால் மூடிப் பார்த்தார், எடுத்தார், குழாயைப் பொட்டலமாகச் சுற்றினார்.

"இனி என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை வகுப்பு எடுப்பேன்," என்றார். "ஒடைஞ்ச குழாய் கையில இருக்கப்படாதுன்னு இன்ஸ்பெக்டர் எழுதலையே."

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டருக்குத் தெரிவிக்கவேண்டிய கடிதத்தையும் என் மேசையிலேயே நின்றபடி எழுதினார். கருவி பள்ளியின் கைவசம் வந்த தேதி என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, உறையின் மேல் இருந்த எங்கள் வரவு முத்திரையைப் பார்த்து, பதில் வந்த அன்றைய தேதியையே எழுதினார்: இடவ மாதம் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை.